முத்திரை விழுந்த பீப்பாய்

புருல் அக்காவுக்கு வாய் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு சொன்னால் கோள் சொன்னதாகிவிடும்.

அவள் தாஷ்கெச்சூ என்ற ஊருக்கு மருமகளாக வந்த புதிது. மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது, கொழுந்தன் பெயரைச் சொல்லக் கூடாது, புருஷன் பெயரை மனதில் நினைத்தாலே இருமல் வர வேண்டும். அப்படிப்பட்ட ஊர். ஒருநாள் மாமனாரின் குதிரை கட்டை அறுத்துக்கொண்டு கால்வாய்ப் பக்கம் ஓடியது. மாமனாரோ வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தாடியைக் கோதிக்கொண்டிருந்தார். வேறு மருமகளாக இருந்தால், "பெரியவங்களே, உங்களுக்குச் சொந்தமான அந்த நாலு கால் உள்ளது, அந்த ஈரமான இடத்துப் பக்கமா..." என்று சுற்றி வளைத்து முடிப்பதற்குள் குதிரை அடுத்த மாவட்டத்தில் புல் மேய்ந்துகொண்டிருக்கும். புருல் வாசலில் நின்று தெருவே அதிரக் கத்தினாள்: "ஜுமாபெக்! குதிரை ஓடுது, எந்திரிங்க!"

குதிரை பிடிபட்டது. மாமியார் அவமானத்தில் படுத்துவிட்டாள். மாமனார் மட்டும் இரவு சாப்பாட்டின்போது தட்டைப் பார்த்தபடி, "கத்தினது தப்புதான். ஆனா குதிரை லாயத்துல நிக்குது" என்றாராம். அதற்கப்புறம் அவளைத் திருத்தலாம் என்ற ஆசை அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

கல்யாணத்துக்கு முன்பே அவள் முலாம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். கரண்டிக்கும் மிதிவண்டிக் கைப்பிடிக்கும் பளபளப்பு ஏற்றுகிற இடம். பிறகு நாடே மாறியது, தொழிற்சாலை மூடியது. கதவு, ஜன்னல், கம்பி, கழிப்பறைப் பீங்கான் வரைக்கும் ஊர் தூக்கிக்கொண்டு போனது. யாரும் தூக்கிக்கொண்டு போகாதது ஒன்றே ஒன்றுதான்: பின்புறக் குட்டையில் தேங்கிக் கிடந்த மஞ்சள் கழிவு.

வேலை போனதும் புருல் அக்கா மாக்சிம் காய்ச்ச ஆரம்பித்தாள். வறுத்த கோதுமை மாவைக் கொழுப்பில் புரட்டி, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, ஆறினதும் உறை ஊற்றினால் மறுநாள் நுரைத்துப் புளித்துக் கிடக்கும். கோடையில் அதைக் குடிக்காமல் இந்த ஊரில் யாரும் சுகமாக ஏப்பம் விட்டதில்லை. சக்கரம் வைத்த நீலப் பீப்பாய் ஒன்றைப் பேருந்து நிறுத்தத்தில் நிறுத்தி, ஒரு கையால் குழாயைத் திருகி, வாயால் ஊர் வம்பைத் திறந்துவிடுவாள். இரண்டும் ஒரே வேகத்தில் வரும். புருஷன் துராத் சிற்றுந்து ஓட்டுகிறவர். வீட்டில் அதிகம் பேசமாட்டார். பேச இடம் கிடைத்ததில்லை என்பார்கள்.

இப்படி வருஷங்கள் போயின. ஒரு கோடையில் தெரு அடிபம்பின் தண்ணீர் லேசாக மஞ்சள் அடித்தது. டம்ளரில் பார்த்தால் தெரியாது, வெள்ளை வாளியில் பார்த்தால் தெரியும். சுகாதார நிலையத்து டாக்டர் பெரிசாத் வந்து, பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ச் சோதித்தாள். சின்ன வயசு, பெரிய கண்ணாடி, எப்போதும் தூக்கம் போதாத முகம். திரும்பி வந்தபோது கையில் கம்பியும் ஈய முத்திரையும் இருந்தன.

"மனசுல வச்சுக்காதீங்கக்கா. பழைய குட்டையில இருந்து குரோமியம் மண்ணுக்குள்ள இறங்கி அடிபம்பு வரைக்கும் வந்துருச்சு. கொதிக்க வச்சாலும் போகாது. இந்தத் தண்ணியில காய்ச்சினதை விக்கக் கூடாது."

"தப்பு பண்ணினது குட்டை. பூட்டு மட்டும் பீப்பாய்க்கா?"

"என் அதிகாரத்துல இருக்கிறது பீப்பாய்தான்."

"அப்ப பம்பு யாரு அதிகாரத்துல இருக்கு?"

பெரிசாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அதைத்தான் நானும் ஒரு மாசமா கேட்டுக்கிட்டிருக்கேன். பம்புத் தண்ணி சோதனையில தேறட்டும், அன்னிக்கே நானே வந்து முத்திரையை அறுத்துடறேன்."

பேருந்து நிறுத்தத்துக்கு இந்தப் பக்கம் நகர நீர் அலுவலகம். அந்தப் பக்கம் கிராம நிர்வாக அலுவலகம். நடுவில் ஒரு சாலையும் நாலு பாப்ளர் மரமும். நீர் அலுவலகத்துக்கு ஷெர்காசி தலைவர், கிராமத்துக்கு ஒமுர்சாக் தலைவர். புருல் அக்கா இந்தப் பக்கம் போய்க் கேட்டாள். "குழாயை இறக்கினது நாங்கதான், ஆனா அது நிக்கிற மண்ணு கிராமத்து மண்ணு" என்றார்கள். அந்தப் பக்கம் போனாள். "மண்ணு எங்களது, தண்ணி அவங்களது" என்றார்கள். சாலையைக் கடந்து கடந்து அவள் செருப்புதான் தேய்ந்தது.

மாநிலத்திலிருந்து நீர் சுத்திகரிக்கும் தொட்டிகள் வந்து ரொம்ப நாளாகிறது. அவை ஷெர்காசியின் முற்றத்தில் பெட்டிகூடப் பிரிக்காமல் கிடந்தன. மேலே ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. அவற்றை நிறுத்த வேண்டிய இடம் குட்டைக்குப் பக்கத்தில், ஒமுர்சாக்கின் நிலத்தில். அங்கே கிணறு தோண்டி, கெட்ட தண்ணீரை மேலே இழுத்து, தொட்டிகள் வழியாக விட்டு, நல்லதாக்கி மண்ணுக்குள்ளேயே திருப்பி அனுப்ப வேண்டும். அதை மாதாமாதம் சோதிக்க வேண்டியது பெரிசாத். மூவரில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டாலும் வேலை நடக்காது. இருவர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஏன் என்றால், ஒரு எலும்பு.

ஷெர்காசியின் மகனுக்கும் ஒமுர்சாக்கின் மகளுக்கும் ஒமுர்சாக் வீட்டில் கல்யாணம் நடந்தது. விருந்தில் ஆட்டிறைச்சியை யாருக்கு எந்த எலும்போடு வைப்பது என்பதில்தான் மரியாதை மொத்தமும் இருக்கிறது. சம்பந்திக்கு இடுப்பெலும்பு. அதில் கைவைத்தால் கல்யாணமே ஆட்டம் கண்டுவிடும். அன்றைக்கு எந்தப் பாவி பரிமாறினானோ, மாப்பிள்ளையின் அப்பா ஷெர்காசிக்கு முன்னங்கால் எலும்பை வைத்துவிட்டான். அது சின்னப் பையன்களுக்கு வைப்பது. ஷெர்காசி தட்டைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார், எழுந்தார், விருந்து முடிவில் கை தூக்கி ஓதுகிற துஆவுக்குக்கூட நிற்காமல் போய்விட்டார். துஆவுக்கு முன்னால் விருந்தாளி எழுந்து போனால் அது அந்த வீட்டுக்குச் சாபம். ஆக ஒருவர் அவமானப்பட்டார், இன்னொருவர் சாபம் வாங்கினார். பிள்ளைகள் இருவரும் தலைநகரில் சந்தோஷமாக இருந்துகொண்டு இரண்டு பக்கமும் போன் பேசுகிறார்கள். அப்பாக்கள்தான் சாலையின் இரண்டு கரையிலும் ஜன்னல் திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

தெருவுக்கு நீர் லாரி வந்தது. வந்தது என்றால், நினைத்தபோது வந்தது. டீக்குச் சரியாக இருக்கும், மாக்சிமுக்கு வராது.

வேறொருத்தியாக இருந்தால் பீப்பாயை உருட்டிக்கொண்டு போய்க் கொல்லையில் கவிழ்த்திருப்பாள். புருல் அக்கா மறுநாள் காலை, முத்திரை விழுந்த பீப்பாயை வழக்கமான இடத்துக்கே தள்ளிக்கொண்டு வந்தாள். குடையை விரித்தாள், உட்கார்ந்தாள். முதல் ஆளாகச் சந்தைச் சுமைக்காரர் ஒருவர் வந்து காலி டம்ளரை நீட்டினார்.

"இன்னிக்கு மாக்சிம் இங்க இல்ல, அந்த ஜன்னல்ல குடுக்கிறாங்க" என்று நீர் அலுவலகத்தைக் காட்டினாள். "நல்லாப் புளிச்சதா கேட்டு வாங்குங்க. இல்லன்னு சொன்னா எதிர் ஜன்னலுக்குப் போங்க."

சுமைக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் போனார். மதியத்துக்குள் இரண்டு அலுவலகத்து வாசலிலும் டம்ளரும் கையுமாக வரிசை. "ஏம்ப்பா, இங்க நுரையோட குடுப்பாங்களா, நுரை இல்லாமலா?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். கிழவர்கள் இரண்டு வரிசையிலும் மாறி மாறி நின்றார்கள். இவ்வளவு சந்தோஷம் ஊருக்குக் கிடைத்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஷெர்காசி இறங்கி வந்தார். "புருலு! என் ஆபீஸ் என்ன சாராயக்கடையா?"

"கோவப்படாதீங்கண்ணே. தண்ணி எங்க நின்னு போச்சோ, சரக்கும் அங்கதானே இருக்கும்?"

"அந்த பாட்டில் குளிர்பானம் வித்துப் பொழச்சுக்கோயேன். மூடியைத் திறந்தா போதும், அடுப்பே வேண்டாம்."

"மூடி திறக்க நான் எதுக்கு? அதுக்கு உங்க ஆபீஸ்ல ஆளு இல்லியா? பம்பை என்ன பண்ணப் போறீங்க, அதைச் சொல்லுங்க."

"அந்தாளைக் கேளு. அவரு மண்ணு."

"அவரு உங்க குழாய்ங்கிறாரு."

"அந்தாளு சொல்றது எதுவும் என் காதுல விழாது."

"முன்னங்கால் எலும்பு தட்டுல விழுந்த சத்தம் மட்டும் இன்னும் கேக்குதாக்கும்?"

ஷெர்காசியின் முகம் சுட்ட பூசணிக்காய் நிறத்துக்கு வந்தது. திரும்பி நடந்தார். எதிர்க்கரை ஜன்னல் திரை லேசாக ஆடியது. ஒமுர்சாக் சிரித்திருப்பார்.

வெளியில் இவ்வளவு வாய் பேசியவள் வீட்டுக்குள் ஒரே ஒரு பயத்தோடு இருந்தாள். உறை. மாக்சிமுக்கு ஊற்றுகிற பழைய உறை, வருஷக்கணக்காகக் கெடாமல் வைத்திருக்கிறாள். தண்ணீரும் மாவும் ஊட்டாமல் விட்டால் செத்துவிடும். செத்தால் முத்திரையை அறுத்து என்ன பயன்? அதனால் லாரித் தண்ணீரில் தன் பங்கு டீயை நிறுத்தினாள். இந்த ஊரில் டீயை நிறுத்துவது என்றால் மூச்சில் பாதியை நிறுத்துவது. கேட்டால், "வயிறு சரியில்ல" என்றாள். துராத்தும் டீ குடிப்பதை நிறுத்தினார். கேட்டால், "சூடு ஒத்துக்கல" என்றார். ஒருநாள் காலை உறைப்பானை பொங்கி வழிந்து, அலமாரி நனைந்து, அவருடைய தொழுகைத் தொப்பி வரைக்கும் நுரை ஏறியிருந்தது.

"யோவ், இதுக்கு நீயும் ஊத்தினியா?"

"நீ ஊத்தலைன்னு நினைச்சேன்."

இருவரும் நனைந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் அவள் தொப்பியைத் துவைத்தாள். நீர் லாரிக்குப் பக்கத்தில் வைத்துத் திட்டிக்கொண்டே துவைத்தாள். யாரும் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாதல்லவா.

இலையுதிர்காலம் வந்தது. பம்பு மஞ்சளாகவே இருந்தது. புருல் அக்கா தெருவைக் கூட்டி, "துலோ கொடுப்போம்" என்றாள். மழை தவறினாலும் வெள்ளம் வந்தாலும் நோய் வந்தாலும், ஊர் சேர்ந்து நீர்க்கரையில் ஆடு அறுத்து, ஓதி, ஒன்றாக உட்கார்ந்து தின்பதுதான் துலோ. அதற்குக் கூப்பிட்டு வராவிட்டால் கேடு வரட்டும் என்று நினைத்ததாக ஆகும். அங்கே வைத்த இறைச்சியை மறுத்தாலும் அப்படித்தான். தலைவர்கள் வந்தே ஆக வேண்டும்.

"ஆடு ரெண்டா வாங்கலாமே?" என்றது தெரு.

"எதுக்கு? பம்பு ஒண்ணு, ஆடு ஒண்ணு."

அடிபம்பைச் சுற்றிப் புல்லில் விரிப்பு போட்டார்கள். போர்சோக் என்கிற மாவுத் துண்டுகளைப் பொரித்துக் கொட்டினார்கள். வெள்ளைத் தொப்பிகள் வட்டமாக உட்கார்ந்தன. ஷெர்காசி ஒரு ஓரம், ஒமுர்சாக் எதிர் ஓரம், நடுவில் மௌலவியும் பெரிசாத்தும். அண்டாவிலிருந்து இறைச்சி எடுத்துப் பிரிப்பது ஆண்கள் வேலை. புருல் அக்கா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"தள்ளு புருலு, எலும்பு பிரிக்கிறது ஆம்பளைங்க வேலை" என்றார் ஒருவர்.

"என் வேலையைத்தான் பூட்டி வச்சுட்டாங்களே. உங்க வேலையைக் கொஞ்சம் பார்த்துட்டுப் போறேன்."

ஆட்டுக்கு இடுப்பெலும்பு இரண்டு. ஒன்றை ஓதிய மௌலவிக்கு வைத்தாள். மீதி ஒன்று. ஷெர்காசி ஆகாயத்தைப் பார்த்தார், ஒமுர்சாக் பாப்ளர் மரத்தைப் பார்த்தார். இருவர் கண்ணும் எலும்பில்தான் இருந்தன.

இதையும் சொல்லிவிட வேண்டும்: இங்கே எலும்பைக் கத்தியால் மூட்டு பார்த்துக் கழற்றுவார்கள். வெட்டமாட்டார்கள். எலும்பை உடைத்தால் உறவு உடையும். குடிகாரன்கூடச் செய்யமாட்டான். புருல் அக்கா அந்த எலும்பை விறகுக்கட்டை மேல் வைத்தாள், விறகுக் கோடாலியை எடுத்தாள், போட்டாள் ஒரு போடு.

சத்தம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. ஒரு கிழவர் "அல்லாஹ்வே" என்று தாடியைப் பிடித்துக்கொண்டார். எங்கோ ஒரு பெண் விசும்பினாள்.

"பம்பு முழுசா என்னோடதில்லன்னு நீங்க சொன்னீங்கண்ணே" என்று ஒரு பாதியை ஷெர்காசி முன்னால் வைத்தாள். "என்னோடதும் இல்லன்னு நீங்க சொன்னீங்க" என்று இன்னொரு பாதியை ஒமுர்சாக் முன்னால் வைத்தாள். "ரெண்டு பேருக்கும் வேண்டாத தண்ணியை நாங்க முழுசா குடிச்சோம். ரெண்டு பேரும் முழுசா கேக்குற எலும்பை ஆளுக்குப் பாதி தின்னுங்க. சில்லு இருக்கும், பார்த்து."

அவள் கட்டைவிரலில் ஒரு எலும்புச் சில்லு ஏறி ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை. துராத் கவனித்தார்.

ஷெர்காசி பாதி எழுந்தார்.

"உட்காருங்க" என்றார் ஒமுர்சாக். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஷெர்காசியிடம் பேசுகிற முதல் வார்த்தை. "துஆவுக்கு முன்னால எந்திரிச்சுப் போறது உங்களுக்குப் பழக்கம்தான். இது துலோ சம்பந்தி. இதுல எந்திரிச்சா ஊருக்கே கேடு."

"எனக்கு ஒண்ணும் பழக்கமில்ல" என்றார் ஷெர்காசி. "முன்னங்கால் வச்சா எந்திரிப்பேன். இது பாதியானாலும் இடுப்பு." உட்கார்ந்தார். உட்கார்ந்தது கோபத்தில்தான், ஆனாலும் உட்கார்ந்தார்.

தலை மீதி இருந்தது. ஆட்டுத்தலை வட்டத்திலேயே பெரிய ஆணுக்குத்தான் போகும். புருல் அக்கா அதைப் பெரிசாத் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"அக்கா, தலை ஆம்பளைங்களுக்குல்ல..."

"நானும் தேடிப் பார்த்தேன். வேற யாருக்கும் குடுக்கத் தோணல. அறுத்துப் பங்கு போடும்மா."

பெரிசாத் கண்ணாடியைத் துடைத்தாள். கிழவர்கள் முறைத்தார்கள். அவளும் அந்த ஊர்ப் பெண்தான். தலை கையில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். கத்தியை வாங்கினாள். கண்கள் இரண்டையும் பதமாக எடுத்தாள். ஒரே ஆட்டின் கண்ணைத் தின்ற இருவர் ஒருவரையொருவர் அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் வழக்கம். ஒரு கண்ணை இந்தப் பக்கம் நீட்டினாள், ஒன்றை அந்தப் பக்கம்.

"திங்கக்கிழமை காலையில பார்த்துக்கணும்" என்றாள். "என் ஆபீஸ்ல. தொட்டிப் பெட்டிச் சாவியோட, நிலத்து வரைபடத்தோட."

இரண்டு தலைவர்களும் வைத்தியர் கொடுத்த கஷாயம் மாதிரி அதை வாயில் போட்டு விழுங்கினார்கள். மௌலவி அவசரமாகக் கை தூக்கினார். இன்னும் என்ன வெட்டு விழுமோ என்ற பயம் அவருக்கு. எல்லோரும் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

அன்பு பொங்கி வழிந்தது என்று நினைக்க வேண்டாம். திங்கட்கிழமை வந்தார்கள், கத்தினார்கள். தொட்டி தூக்கும் பளுதூக்கி நகரத்தினுடையது, அது உள்ளே நுழையக் கிராமத்துச் சுவரை இடிக்க வேண்டியிருந்தது. சுவரை யார் கட்டித் தருவது என்று ஒரு வாரம் கத்தினார்கள். மின்சாரம் நகரம் கொடுத்தது, கிணற்றுக்கு இடம் கிராமம் கொடுத்தது. பெரிசாத் இருவர் நடுவில் பாட்டில்களை வரிசையாக வைத்து, மஞ்சள் எது, மஞ்சள் குறைந்தது எது என்று காட்டிக்கொண்டிருந்தாள். குளிர்காலத்தில் தொட்டிகள் உறைந்தன. ஒமுர்சாக் தன் குதிரைக்குப் போர்த்துகிற கம்பளத்தைக் கொண்டுவந்து சுற்றினார். "தொட்டிக்குச் சேணமும் போடுங்க சம்பந்தி" என்றார் ஷெர்காசி. இரவு காவலுக்குத் தன் அலுவலக அடுப்பையும் அனுப்பினார்.

புருல் அக்காவையும் சும்மா விடவில்லை. எலும்பை உடைத்தவள் என்று தெருவில் பாதிப் பெண்கள் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். ஒரு நிச்சயதார்த்தத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. அது அவளுக்கு வலித்தது. வலித்ததால் அந்த வீட்டு வாசல் வழியாகவே பீப்பாயைத் தினமும் தள்ளிக்கொண்டு போனாள், சக்கரம் கிறீச்சிடும்படி. எண்ணெய் போடுகிறேன் என்ற துராத்திடம், "தொட்டா கையை ஒடிப்பேன்" என்றாள்.

அதற்கடுத்த கோடையில் பம்புத் தண்ணீர் வெள்ளை வாளியிலும் வெள்ளையாக வந்தது. சோதனை தேறியது. மறுபடி சோதித்தார்கள், தேறியது. பெரிசாத் குறடோடு பேருந்து நிறுத்தத்துக்கு வந்தாள். தலைவர்கள் இருவரும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். படம் பிடிக்க ஒரு பையனும் இருந்தான். நீலப் பீப்பாய்க்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சிவப்புப் பீப்பாய் நின்றது. துராத் சாயம் அடித்தது, அதனால் கொஞ்சம் கோணல்.

பெரிசாத் குறடை முத்திரைக்குக் கொண்டுபோனாள். புருல் அக்கா அதன் மேல் கையை வைத்தாள்.

"இது இருக்கட்டும். விக்கிறதுக்குத்தான் புதுசு வாங்கிட்டேனே."

"அக்கா, தண்ணி நல்லாயிடுச்சு."

"தொட்டி ஓடாம நின்னா?"

பெரிசாத் பொய் சொல்லத் தெரியாதவள். "குட்டைக்கு அடியில இருக்கிறது போக ரொம்ப வருஷமாகும். வடிகட்டிக்கு உப்பு மாத்திக்கிட்டே இருக்கணும். நின்னா திரும்ப மஞ்சள்தான்."

"அப்ப முத்திரையும் நிக்கட்டும்."

"எதுக்குப் புருலு இந்த அசிங்கம் இங்க?" என்றார் ஷெர்காசி. "படத்துல விழும்."

"விழட்டும்ணே. அதுக்குத்தான் வச்சிருக்கேன்."

சிவப்புப் பீப்பாயில் வியாபாரம் நடக்கிறது. நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிடாத வீட்டுக்காரியும் வந்து குடிக்கிறாள். அவளுக்கு மட்டும் டம்ளர் நிறையாது, நுரைதான் நிறையும். நீலப் பீப்பாய் பக்கத்திலேயே முத்திரையோடு நிற்கிறது. தூசி படாமல் அதன் மேல் துராத் சாயங்காலம் வந்து ஒரு கோணியைப் போர்த்திவிட்டுப் போவார். அவள் காலையில் எடுத்து எறிவாள்.

இந்த வசந்தத்தில் உப்பு லாரி வரவில்லை. நகரம் அனுப்பும் என்று கிராமம் இருந்தது, கிராமம் கேட்கும் என்று நகரம் இருந்தது. இரண்டு ஜன்னலிலும் திரை இறங்கியிருந்தது. புருல் அக்கா சிவப்புப் பீப்பாயை மூடினாள். நீலத்தைத் தள்ளிக்கொண்டு போய் நடுச்சாலையில், இரண்டு அலுவலகத்துக்கும் சரி நடுவில் நிறுத்தினாள். பேருந்து வந்து ஹாரன் அடித்தது. பின்னால் துராத்தின் சிற்றுந்து வந்தது. அவர் ஹாரன் அடிக்கவில்லை. வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, இறங்கி, அவளுக்கு உட்கார ஒரு சின்ன மெத்தையைக் கொடுத்தார்.

அவள் உட்காரவில்லை. இடுப்பில் கைவைத்து, ஊருக்கு வந்த புதிதில் இருந்த அதே குரலில் கத்தினாள்:

"ஷெர்காசி! ஒமுர்சாக்! குதிரை ஓடுது, எந்திரிங்க!"

இரண்டு திரையும் ஒன்றாக விலகின.